புகை வேறு, கரி வேறு

வண்டிக் கேள்விகள் – வாசகர் பகுதி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வண்டிகள் விடும் கரியமில வாயுவைக் குறைப்பதில் வண்டி செய்கிற கம்பெனிகள் என்ன செய்கின்றன, என்ன செய்யாமல் டிமிக்கி கொடுக்கின்றன? அம்பத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜின் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் 31 வருடம் நின்று, ஒரு காதைப் பாதி தொலைத்தவன் நான். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், என் பைக் பி.எஸ். 6. புகைச் சான்றும் எடுத்துவிட்டேன், எல்லாம் அளவுக்குள் இருக்கிறதாம். அப்படியானால் பூமி சூடாவதில் என் வண்டிக்குப் பங்கு இல்லைதானே? – கோவில்பட்டி வாசகர்

இருக்கிறது தம்பி. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட்டால் மற்ற பதில்கள் சுலபமாக ஓடும். புகைச் சான்று மையத்தில் சைலன்ஸருக்குள் குழாயைச் செருகி, பாஸா ஃபெயிலா என்று சொல்வது இரண்டை வைத்து: கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பி வரும் எரிபொருள் ஆவி. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6, அதாவது பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதியும் இந்த வகைதான். மூச்சை அடைக்கிற நைட்ரஜன் ஆக்சைடுகள், கரித்தூள் இதற்கெல்லாம் கடிவாளம் போட்டது. பெட்ரோல், டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறக்கியது. பெரிய வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரியமில வாயுவுக்கு அதில் வரம்பே கிடையாது.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. சைலன்ஸருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், விஷமான மோனாக்சைடை எரித்து கரியமில வாயுவாக மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. எரிபொருளை நன்றாக எரிக்கும் வண்டி, பெட்ரோலில் உள்ள கரி (கார்பன்) முழுவதையும் அந்த வாயுவாகவே கொடுக்கும்.

எங்கள் கூடத்தில் எரிபொருளை அளக்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். இன்ஜினை டைனமோமீட்டர் என்ற சோதனை மேடையில் ஏற்றி லோடு கொடுத்துவிட்டு, குழாயில் 100 மில்லி இறங்க எத்தனை வினாடி என்று ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் அப்ரண்டிஸ் பையன் ஒருவன், "ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதிலிருந்து இரண்டேகால் கிலோவுக்கு மேல் வாயு வருகிறது என்கிறீர்களே, எடை எங்கிருந்து வந்தது?" என்று மடக்கினான். சாக்பீஸால் தரையிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம். அதில் கரி மட்டும் 640 கிராம். ஒவ்வொரு 12 கிராம் கரியும் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராமாக வெளியேறும். 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,350 கிராம். டீசலுக்கு லிட்டருக்கு 2.65 கிலோ போல வரும்.

இந்தக் கணக்கை ஏமாற்ற எந்த ஃபில்டராலும் முடியாது. எரிப்பதைக் குறைத்தால்தான் வாயு குறையும். அதனால் உங்கள் பைக்கைப் பொறுத்தவரை மைலேஜ்தான் கரிச் சான்று.

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். அனல் மின் நிலையப் புகைபோக்கி எங்கள் மொட்டை மாடியில் இருந்தே தெரியும். நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தில் ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு "மாசே இல்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது மோசடி இல்லையா? – தூத்துக்குடி ஆசிரியை

ஸ்டிக்கர் மோசடிதான் அம்மா. ஸ்கூட்டர் மோசடி இல்லை.

நானே அளந்து பார்த்தேன். என் மனைவி ஓட்டும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு ஒரு தனி மீட்டர் வாங்கிச் சுவர் பிளக்கில் மாட்டினேன். வண்டியின் திரை சொல்வதை நான் நம்புவதில்லை. சார்ஜரில் சூடாகி வீணாவது அதில் வராது. ஒரு மாதத்தில் 612 கிலோமீட்டர் ஓடியது, மீட்டரில் 21 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. காற்று, சூரியன், அணை எல்லாம் சேர்ந்து இந்தச் சராசரி வருகிறது. ஆக மாதம் 15 கிலோ. இதே தூரத்தை லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில் போயிருந்தால் 13.6 லிட்டர், அதாவது 32 கிலோ. பாதிக்கும் குறைவு. பூஜ்யம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம் பேட்டரிக் கடன் ஒன்று இருக்கிறது. லித்தியம் பேட்டரி செய்யும்போதே அதன் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (அதாவது ஒரு யூனிட்டுக்கும்) 60 முதல் 100 கிலோ வரை வாயு வெளியேறியிருக்கும். எங்கள் வண்டியில் 3 கிலோவாட் மணி. நடுவாக 80 என்று வைத்தால் 240 கிலோ. மாதம் 17 கிலோ மிச்சம் பிடித்தால் அந்தக் கடன் பதினான்கு, பதினைந்து மாதத்தில் அடையும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். வாங்கி வைத்துவிட்டு ஓட்டாமல் இருப்பவர்களுக்கு லாபம் கிடையாது.

பேட்டரியைச் செய்யும் ஆலை எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதில்தான் கம்பெனியின் பொறுப்பு அடங்கியிருக்கிறது. விளம்பரத்தில் எந்தக் கம்பெனியும் அதைச் சொல்லி நான் பார்க்கவில்லை. உங்களால் ஆனது, முடிந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள். மதியம் சூரிய மின்சாரம் கொட்டும் நேரம். ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் இன்னும் நல்லது.

கேள்வி: கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த சட்டம் ஏதும் இருக்கிறதா, இல்லை அவர்களாகப் பார்த்துச் செய்வதுதானா? – சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

இருக்கிறது. பெரும்பாலானோர் கேள்விப்படாத சட்டம். நான் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்ததும் இதைத்தான்.

சுருக்கமாக கஃபே விதி என்பார்கள். காபிக் கடை இல்லை. ஒரு கார் கம்பெனி ஒரு வருடத்தில் விற்ற அத்தனை கார்களையும் ஒன்றாகச் சேர்த்து, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமில வாயுவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 2017-18 முதல் 130 கிராம், 2022-23 முதல் 113 கிராம். மைலேஜில் சொன்னால் லிட்டருக்கு 18 கிலோமீட்டரிலிருந்து 21-க்கு ஏறியது மாதிரி. சோதனைக் கூடத்து மைலேஜ். அண்ணா சாலையில் எதிர்பார்க்காதீர்கள்.

இதனால் நிஜமாகவே நல்லது நடந்திருக்கிறது. சிக்னலில் தானாக அணைந்து எழும் இன்ஜின், கியர் மாற்றச் சொல்லும் அம்புக்குறி, எடை குறைந்த உறுதியான எஃகுத் தகடு, உருளும்போது கம்மியாக இழுக்கும் டயர். இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 20 டபிள்யூ 40 என்று பாகு மாதிரி ஊற்றுவோம். இப்போது பல கார்களுக்கு ஜீரோ டபிள்யூ 20, ஜீரோ டபிள்யூ 16. உராய்வைக் குறைக்க என்று கம்பெனி பார்த்துப் பார்த்துச் செய்ததை, நம் மெக்கானிக் "என்ன சார் தண்ணியா இருக்கு" என்று முகம் சுளித்து, பழைய கெட்டி ஆயிலையே ஊற்றி அனுப்புகிறார். புத்தகத்தில் போட்ட ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஓட்டைக்கு வருகிறேன். இலக்கு எடையோடு கட்டப்பட்டிருக்கிறது. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் அதன் வரம்பும் தளரும். மெலிந்தவனுக்கு ஒரு அளவு, பருத்தவனுக்குத் தாராள அளவு. இன்னொன்று, எலெக்ட்ரிக் காரைப் பூஜ்யம் கிராம் என்று எடுத்துக்கொள்வதோடு ஒரு காரை மூன்றாக எண்ணவும் இந்த விதியில் சலுகை உண்டு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கம்பெனி பத்துக் கார் விற்கிறது: ஒன்பது பெட்ரோல், ஒன்று எலெக்ட்ரிக். எலெக்ட்ரிக் மூன்றாகிவிடுவதால் ஏட்டில் பன்னிரண்டு கார். அந்த ஒன்பது பெட்ரோல் காரும் ஆளுக்கு 150 கிராம் கக்கட்டும். மொத்தம் 1,350. பன்னிரண்டால் வகுத்தால் 112.5. பாஸ்! ஒரு எலெக்ட்ரிக் காரை ஷோரூம் வாசலில் நிறுத்தியதால் ஒன்பது குண்டு கார்களுக்கு வழி கிடைத்துவிட்டது.

புது வகை வண்டி சந்தையில் கால் ஊன்றச் சலுகை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்தது என்ன? இன்று நாட்டில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி. வகை. இன்ஜின்காரன் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஐந்து சதவீதம் மிச்சம் பிடித்துக் கொடுப்பான். விற்பனைப் பிரிவு அதை உயரமான முகப்புக்கும், அகல டயருக்கும், திறக்கும் கூரைக்கும் செலவழித்துவிடும். எங்கள் கூடத்தில் இதை "மாமியார் சேர்த்து மருமகள் செலவழித்த கதை" என்போம். வீட்டில் சொன்னால் அடி விழும்.

2027 ஏப்ரலிலிருந்து அடுத்த கட்டம் என்று வரைவு வந்தபோது, சின்னக் காருக்குத் தனிச் சலுகை வேண்டுமா கூடாதா என்று கம்பெனிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடின. என் ஓட்டு சின்னக் காருக்கு. இருசக்கர வண்டிகள் இந்தக் கணக்கில் வரவே வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா? அணைத்து எழுப்பினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்கிறாரே என் கணவர்? – வேலூர் வாசகி

கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பத்து, பதினைந்து வினாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைப்பதே லாபம். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது. கரியாவது குறைகிறதா? – விழுப்புரம் வாசகர்

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால் மைலேஜ் குறையத்தான் செய்யும். இதற்கென்று டியூன் செய்யாத பழைய வகைக் கார்களில் 6, 7 சதவீதமும் இருசக்கர வண்டிகளில் 3, 4 சதவீதமும் குறையலாம் என்று அரசின் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எத்தனாலிலும் கரி உண்டு, குழாயில் வாயு வரும். ஆனால் அந்தக் கரி, கரும்போ மக்காச்சோளமோ வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சரி. அந்தக் கரும்புக்குப் போட்ட யூரியா, இறைத்த தண்ணீர், ஆலை எரித்த எரிபொருள் இவற்றையும் சேர்த்தால் லாபம் சுருங்கும். கழிவுச் சர்க்கரைப் பாகிலிருந்து வந்தால் கை தட்டுவேன். சோற்றுக்கான அரிசியிலிருந்து வந்தால் தட்ட மாட்டேன்.

கேள்வி: எங்களிடம் ஆறு லாரி இருக்கிறது. எல்லோரும் காரையும் ஸ்கூட்டரையும் பற்றியே பேசுகிறார்கள். எங்களுக்குக் கம்பெனிகள் என்ன செய்தன? – சங்ககிரி லாரி உரிமையாளர்

நியாயமான கோபம். எண்ணிக்கையில் லாரிகள் கொஞ்சம்தான், ஆனால் சாலையில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றுடையது. உங்கள் ஒரு லாரி லிட்டருக்கு 4 கொடுத்து மாதம் 8,000 ஓடினால் 2,000 லிட்டர். அதாவது மாதத்துக்கு 5 டன்னுக்கு மேல் வாயு. என் மனைவியின் ஸ்கூட்டர் இருபத்தைந்து வருடம் ஓடினாலும் அந்த அளவை எட்டாது.

பி.எஸ். 6 லாரிக்கு ஊற்றுகிறீர்களே, ஸ்டாண்டில் "யூரியா தண்ணி" என்பார்களே, அது நைட்ரஜன் ஆக்சைடுக்கு மருந்து. கரியமில வாயுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இன்ஜினில் இனிப் பெரிதாகப் பிழிய முடியாது. மிச்சம் காற்றிலும் எடையிலும்தான் இருக்கிறது. இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வருகிறது. கம்பெனி பல வண்டிகளைச் சேஸிஸாகத்தான் விற்கிறது. பாடி நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டப்படுகிறது. அந்தக் கைவேலைக்கு நான் ரசிகன். கேபினுக்கு மேலே மரச் சட்டம், இரும்புக் கம்பி, சாமி படம், பலகை எல்லாம் வைத்து ஒரு கோபுரமே எழுப்புவார்கள். 70 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கோபுரம் காற்றை முட்டிக்கொண்டே போகிறது. கம்பெனி, காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கிய மூக்குக்கு அங்கே வேலை இல்லை. கம்பெனிகள் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எடை குறைந்த, வளைந்த முகப்புக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். "பாடி நம்ம சப்ஜெக்ட் இல்லை" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எலெக்ட்ரிக் லாரிக்கு 2025-ல் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மானியம் அறிவித்தார்கள், ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை. பழைய லாரியை உடைத்த சான்று வேண்டும். துறைமுகத்திலிருந்து கிடங்கு, சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலை என்று தினமும் ஒரே தடத்தில் போய் வருகிறவர்களுக்கு ஒத்துவரும். லோடு கிடைத்த ஊருக்கெல்லாம் போகிற உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அதுவரை ரேடியல் டயர், வாரம் ஒருமுறை காற்று, திரும்பி வரும்போது காலி வண்டி ஓட்டாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது உங்கள் கையில் மட்டும் இல்லை, தெரியும்.

கேள்வி: "பசுமைத் தொழிற்சாலை" என்று போர்டு வைக்கிறார்களே, உள்ளே என்ன பசுமை? – ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

கார் ஆலையில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் அதிகம் விழுங்குவது பெயின்ட் ஷாப். அடித்த வண்ணத்தைக் காயவைக்கும் அடுப்பும், தூசி புகாமல் காற்றை வடிகட்டித் தள்ளும் விசிறிகளும் நாள் முழுக்க ஓடும். அங்கே ஒரு சுற்று அடுப்பைக் குறைத்தால் அது நிஜமான பசுமை. காற்றாலையில் 26 சதவீதப் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தைச் சொந்த ஆலைக்கே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் நல்ல ஏற்பாடு. வாலாஜாபாத்தில் கார்களை ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்புவதும் அப்படியே. வாசலில் நூறு வேப்பங்கன்று நட்டுப் படம் எடுப்பது நிழலுக்கு நல்லது. பெட்ரோல் கார் ஒன்றின் ஆயுள் முழுவதற்கும் கணக்குப் போட்டால் பெரும்பங்கு வாயு சாலையில்தான் வருகிறது, ஆலையில் இல்லை. போர்டைப் பார்க்காமல், கேட்டுக்கு வெளியே வரும் வண்டி எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போக எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். பூமிக்கு நல்லதுதானே? – தாம்பரம் வாசகி

தனி ஆளாகப் போவீர்களா? அப்படியானால் கேளுங்கள். எலெக்ட்ரிக் கார் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி, அதாவது 0.15 யூனிட் எடுத்தால் சுமார் 105 கிராம். 40 பேர் ஏறிய பழைய டீசல் பஸ்ஸில் ஆளுக்கு 17 கிராம்கூட வராது. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் 120 தாழ்தள எலெக்ட்ரிக் பஸ்கள் வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பின. அதில் ஏறிப் பார்த்தேன், முழங்கால் வலிக்காரனுக்குப் படி இல்லாததே பெரிய வரம். கம்பெனிகள் இந்தப் பஸ்ஸுக்கு விளம்பரம் கொடுப்பதில்லை, வாங்குவது நம்மைப் போன்ற தனி ஆள் இல்லை என்பதால். உங்கள் தடத்தில் பஸ் இல்லை, நேரத்துக்கு வராது என்றால் வாங்குங்கள். நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இவ்வளவு பேசும் உங்கள் வீட்டில் என்ன கார்? – பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகர்

மாட்டிவிட்டீர்கள். 2009-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பி.எஸ். 3. பதினைந்து வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, பசுமை வரியும் கட்டி வைத்திருக்கிறேன். மகள் எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொல்லிச் சண்டை போடுகிறாள். அவளிடம் கணக்கைக் காட்டினேன். மாதம் 200 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், வருடத்துக்கு 160 லிட்டர், 375 கிலோ வாயு. புதுக் காரில் 30 கிலோவாட் மணி பேட்டரி என்றால் அதைச் செய்ததிலேயே 2,400 கிலோ போயிருக்கும். அதை ஓட்டினால் வருடத்துக்கு 240 கிலோ. மிச்சம் 135. கடன் அடையப் பதினேழு, பதினெட்டு வருடம். எனக்கு இப்போதே 67.

"கரி சரிப்பா, புகை?" என்றாள். அதற்குப் பதில் இல்லை. எதிர் வீட்டில் வீசிங் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். காலையில் அவனுடைய பள்ளிக்கூட வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் காரை ஸ்டார்ட் செய்கிறேன்.